நூறு கிராம் பருப்பு

வாடிக்கையாளர்கள் எதை வாங்கிப் போகிறார்கள் என்பதைக் கணினியே சொல்லிவிடும். எதைத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஆகவே, அருப்புக்கோட்டையிலிருந்து பாளையம்பட்டி செல்லும் சாலையில் சூப்பர் மார்க்கெட் நடத்திவந்த தனுஷ்கோடி, கடை திறந்த நாளிலிருந்து ஒரு வழக்கத்தை விடாமல் காத்துவந்தார். பில் போடும் மேசைக்கு அருகில் ஒரு நீலக் கூடை இருக்கும். தொகை கையிலுள்ள பணத்தைத் தாண்டும்போது, "இது இருக்கட்டும்மா, அடுத்த மாசம் பாத்துக்கிடுவோம்" என்று எடுத்து வைக்கப்படும் பொருள்கள் எல்லாம் அந்தக் கூடையில் சேரும். மாலை ஆறு மணிக்கு அந்தக் கூடையைத் தம் கையாலேயே தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு பொருளையும் அதற்குரிய தட்டில் திரும்ப அடுக்குவார். வேலைக்கு ஆட்கள் இருந்தும் இதை மட்டும் அவர் யாரிடமும் விட்டதில்லை.

முதல் சில ஆண்டுகளில் அந்தக் கூடையில் முகப்பவுடரும் வாசனைச் சோப்பும் குழந்தைகள் அடம்பிடித்து எடுத்த இனிப்புகளுமே கிடந்தன. அப்போது அவருக்குக் கவலை இருந்ததில்லை. பிறகு சீரகம் வந்தது. சீரகத்தை அடுத்துப் புளி வந்தது. இந்த ஆண்டு தை மாதம் முடிவதற்குள் நல்லெண்ணெயும் உளுந்தும் கூடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. விருதுநகர் மொத்த வியாபாரி காலை ஏழு மணிக்குப் போன் செய்து அன்றைய விலையைச் சொல்லுவார். அந்த விலைக்கான பதிலை மாலையில் கூடை சொல்லிவிடும்.

மக்களும் சும்மா இருக்கவில்லை. ஒரே தெருவைச் சேர்ந்த மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஐந்து லிட்டர் எண்ணெய் டின் ஒன்றை வாங்கிப் பங்கிட்டுக்கொண்டன. முழுப் பருப்பு வாங்கியவர்கள் உடைத்த பருப்புக்கு இறங்கினார்கள். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்திலிருந்து வரும் பெண்கள் சிலர் முதலில் வெறுங்கையோடு கடையை ஒரு சுற்றுச் சுற்றி, விலைகளை மட்டும் பார்த்துக்கொண்டு, வாசலில் நின்று மனக்கணக்குப் போட்டுவிட்டு, அதன் பிறகே கூடை எடுத்து இரண்டாம் சுற்று வந்தார்கள்.

மாசி முதல் வாரத்தில் துவரம்பருப்புக் கிலோ நூற்று நாற்பத்தெட்டிலிருந்து நூற்று அறுபத்தைந்துக்குத் தாவியது. அன்று மாலை நீலக் கூடையில் பதினோரு பருப்புப் பொட்டலங்கள் கிடந்தன. தனுஷ்கோடி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும்போது, பதினோரு வீட்டு அடுப்புகளைத் தம் கையால் அணைப்பது போல இருந்தது அவருக்கு.

மறுநாள் காலையில், பொட்டலம் கட்டும் பிருந்தாவை அழைத்தார்.

"இனிமே மயில் கவர்ல தொள்ளாயிரம் கிராம் போடு. விலை பழையபடியே நூத்தி நாப்பத்தெட்டு."

"கவரு அதேதானா, அண்ணாச்சி?"

"அதே கவருதான். ஒட்டுற சீட்டுல மட்டும் எடையை மாத்திரு."

மயில் படம் போட்ட அந்தப் பச்சைக் கவர் பதினோரு ஆண்டுகளாக ஒரு கிலோவுக்கு உரியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட மயிலைப் பார்த்தால் கிலோ என்று எடுப்பார்கள். அதன் முதுகில், கட்டை விரல் அகலச் சீட்டில், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில், இப்போது 'நிகர எடை 900 கிராம்' என்றிருந்தது. சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

கோடையில் கண்மாய் வற்றத் தொடங்கியபோது, ஒரு நத்தை தன் ஓட்டுக்குள் நாளுக்கு நாள் உடம்பைச் சுருக்கிக்கொண்டே வந்ததாம். ஓடு பெரிதாகிவிட்டது போல அதற்குத் தோன்றியது. "கண்மாய் வற்றினால் என்ன, என் வீடு விசாலமாகிக்கொண்டே போகிறது" என்று மகிழ்ந்ததாம். தனுஷ்கோடியின் மகிழ்ச்சியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அன்று முதல் நீலக் கூடைக்குப் பருப்பு வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் மயிலைப் பார்த்தார்கள், நூற்று நாற்பத்தெட்டைப் பார்த்தார்கள், முகம் மலர்ந்து எடுத்துப் போனார்கள். "ஊரெல்லாம் பருப்பு ஏறிப்போச்சு, அண்ணாச்சி கடையில மட்டும் ஏறல" என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். அந்தப் புகழ்ச்சி காதில் விழுந்தபோதெல்லாம் அவர் மறுக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பிச் சிரித்து வைத்தார்.

அவர் மனைவி கஸ்தூரிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பில் மேசையில் உட்காருகிறவள் அவள்தான்.

"விலையக் கூட்டல, சரி. எடை குறைஞ்சதச் சொன்னீகளா?"

"சீட்டுல போட்டிருக்குல்ல."

"சீட்டப் படிச்சா சனங்க சாமான் எடுக்குறாக? உங்க மூஞ்சியப் படிச்சு எடுக்குறாக."

"நல்லதுக்குத்தான் செஞ்சேன் கஸ்தூரி. விலையக் கேட்டு ஒருத்தரும் பயப்படக் கூடாதுன்னு."

"அதத்தான் நானும் சொல்றேன். நல்லதுன்னா வாயத் தொறந்து சொல்லிரலாமே."

அவர் போன் வந்தது போல எழுந்து போய்விட்டார்.

பங்குனி மாதக் கடைசி. ஒரு சனிக்கிழமை முற்பகல், திருச்சுழி பஸ்ஸிலிருந்து இறங்கி முருகலட்சுமி கடைக்கு வந்தாள். உப்போடைப்பட்டிக்காரி. மூன்று ஏக்கர் கரிசல் நிலத்தில் பருத்தியும் சோளமும் போடுகிறவள். கணவன் அழகுராஜா இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வழக்கம்போல முதல் சுற்றை வெறுங்கையோடு முடித்துவிட்டு, அன்று வாசலுக்குப் போகாமல் நேரே தனுஷ்கோடியிடம் வந்தாள்.

"அண்ணாச்சி, நல்ல பருப்பா ஒரு கிலோ நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க. சாமிக்கு."

"ரேசன்ல போட்டாகளே, வாங்கலையா?"

"அது நம்ம வயித்துக்கு. அம்மனுக்குக் கடையில காசு குடுத்து வாங்குன பருப்புதான் போடணும்." பிறகு, பெண்ணுக்கு வரன் அமைந்த செய்தியைச் சொல்லுகிறவர்களைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "இந்த வருசம் என் பேருக்கே தனித் தலைக்கட்டு, அண்ணாச்சி."

உப்போடைப்பட்டியில் நாற்பத்தேழு தலைக்கட்டுகள், அதாவது கோயில் வரி கொடுக்கும் நாற்பத்தேழு குடும்பங்கள் இருந்தன. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, தலைக்கட்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு வீதம் கோயில் மண்டபத்தில் நிறுத்து வாங்குவார்கள். பொங்கல் நாளான புதன்கிழமை அந்தப் பருப்பெல்லாம் ஒரே சாம்பாராகும். பந்தி தொடங்குமுன் குடும்பத் தலைவர்களைப் பேர் சொல்லி அழைத்து, ஆளுக்கொரு தேங்காய் மூடியும் திருநீறும் கொடுப்பார்கள். பெண்ணின் பேரை இதுவரை அழைத்ததில்லை. கணவன் போன பிறகு முருகலட்சுமியின் பருப்பு, கொழுந்தன் முனீஸ்வரன் பேரோடு சேர்ந்தே போய்வந்தது. "நிலத்து வரி நான் கட்டுறேன், கோயில் வரியும் நான் கட்டுறேன். பருப்பும் என் பேருலயே போடுறேன்" என்று அவள் ஊர்க்கூட்டத்தில் கேட்டு, மூன்று கூட்டம் பேசி, இந்த ஆண்டுதான் சரி என்றார்கள்.

தனுஷ்கோடி தட்டிலிருந்து ஒரு மயில் பொட்டலத்தை எடுத்தார். பருப்பு நன்றாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். அப்போது அந்தச் சீட்டும் கண்ணில் பட்டது. சொல்ல வாய் எடுத்தார். பின்னால் நின்ற ஒரு பெண், "எடுத்துக்கிடுங்க, இந்தக் கடையில மட்டுந்தான் பழைய விலை" என்று முருகலட்சுமியிடம் சொன்னாள். எடுத்த வாயை மூடிக்கொண்டு, பொட்டலத்தை இரண்டு கைகளாலும் கொடுத்தார் அவர். அவளும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மறுபடி வந்தாள். சுற்று வரவில்லை. பில் மேசைக்கு ஓரமாக, கூட்டம் குறையும் வரை நின்றாள்.

"என்னம்மா, என்ன வேணும்?" என்றார் தனுஷ்கோடி.

"சண்டைக்கு வரல, அண்ணாச்சி. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். நீங்க குடுத்த பருப்பு கிலோ இருந்துச்சுல்ல?"

கஸ்தூரியின் விரல்கள் கணினிப் பொத்தான்களின் மேல் நின்றுவிட்டன.

"ஏன் கேக்குற?"

"எங்க ஊருல பிளாஸ்டிக் கவரோட மண்டபத்துக்குள்ள போகக் கூடாது. வீட்டுத் தூக்குவாளியில கொட்டி, வேப்பிலை வச்சுக் கொண்டு போகணும். நானும் அப்படித்தான் கொண்டு போனேன். கோயில் நோட்டு எழுதுற நல்லமுத்து மாமாதான் நிறுத்தாக. தூக்கு எடையக் கழிச்சுத் தொள்ளாயிரம்னு வந்துச்சு. மறுபடியும் நிறுத்தாக. அப்பவும் அதேதான். ஒருத்தரும் வையல, அண்ணாச்சி. வஞ்சிருந்தாக்கூடத் தேவல. சிரிச்சாக. 'அம்மனுக்கே கையச் சுருக்கிப் போடுறா'ன்னு யாரோ சொன்னாக."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள்.

"எங்க கொழுந்தன் கெட்டவரு இல்ல. அவரு தூக்குல கொஞ்சம் கூடவே கொண்டாந்திருந்தாரு. அதுல நூறு கிராம் அள்ளி என் தூக்குல போட்டு, 'மதினிக்கு எடை தெரியாது மாமா, எல்லாம் எங்க வகையிலயே இருக்கட்டும்'னாரு. அவ்வளவுதான். நோட்டுல என் பேர அடிச்சிட்டு அவரு பேர ரெண்டாந்தடவ எழுதிட்டாக. வீட்டுக்கு வந்து தரையக் கூட்டிக் கூட்டிப் பாத்தேன். அடுப்படிச் சந்துல, அரிசி டின்னுக்கு அடியில, எங்கயும் ஒரு பருப்புக்கூட இல்ல. கொட்டும்போது எங்கயோ சிந்திட்டேன் போலன்னு ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டே கெடந்தேன்."

எளிதாகத் தப்பிக்கலாம். 'வழியில் கவர் ஓட்டையாகியிருக்கும்' என்று சொன்னால் அவள் நம்பிவிடுவாள். கேள்வியோடு வந்தவள் தன்மீதே பழியைச் சுமந்துகொண்டு போகத் தயாராக வந்திருந்தாள். தனுஷ்கோடி எழுந்து போய் ஒரு மயில் பொட்டலத்தை எடுத்துவந்து, தராசில் வைத்து, எண்களை அவள் பக்கம் திருப்பினார்.

"நீ சிந்தலம்மா. உள்ள போட்டதே இவ்வளவுதான். ரெண்டு மாசமா இப்படித்தான் போடுறேன். சீட்டுல எழுதியிருக்கு. ஆனா வாயால யாருகிட்டயும் சொல்லல. உன்கிட்டயும் சொல்லல."

முருகலட்சுமி அந்த எண்களைப் பார்த்தாள். அவர் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. முந்தைய நாளிலிருந்து அடக்கிவைத்திருந்த மூச்சு ஒன்று வெளியே வந்தது.

"அப்போ நான் சிந்தல" என்றாள்.

"இல்ல தாயி. இந்தா, ரெண்டு கிலோவாக் கொண்டு போ. காசு வேண்டாம்."

"மூட்டையாக் குடுத்தாலும் அத வச்சு என்ன செய்யப் போறேன், அண்ணாச்சி? புதன்கிழமை பேரு கூப்பிடுவாக. என் பேரு அதுல இல்ல. நான் போயிச் சொன்னா, கடைக்காரவுக மேல பழியப் போடுறான்னுதான் சொல்லுவாக." படி இறங்கும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "மறைக்காம சொன்னீகளே, அது போதும். வாரேன்."

அன்று மதியச் சாப்பாட்டின்போது தனுஷ்கோடிதான் பேச்சைத் தொடங்கினார்.

"நான் அங்க போயிச் சொல்லணும்ங்குற."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொல்லாம இருக்குறதுதான் பெரிய சத்தமா இருக்கு. போயிச் சொன்னா நாளைக்கே திருச்சுழி வரைக்கும் பரவிரும். வீரசோழன் வரைக்கும் பரவிரும். பதினோரு வருசப் பேரு, கஸ்தூரி."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள். "கடை படுத்துருமோன்னுகூட இருக்கு. ஆனா அந்தப் பிள்ள அரிசி டின்னத் தூக்கிப் பாத்திருக்கா. நான் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். சோறு இறங்கல."

அவருக்கும் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, பிருந்தாவும் அவரும் தட்டிலிருந்த எழுபத்திரண்டு மயில் பொட்டலங்களையும் பிரித்துக் கொட்டினார்கள். மயில் கவர்களில் மறுபடி முழுக் கிலோவைக் கட்டினார்கள். முழுக் கிலோ வாங்க இயலாதவர்களுக்காக அரைக் கிலோ, கால் கிலோப் பொட்டலங்களை வெள்ளைக் கவரில் கட்டி, எடையை எட்டி நின்று படிக்கும் அளவுக்குப் பெரிதாக எழுதினார்கள். வாசலில் ஒரு பலகை வைத்தார். 'துவரம்பருப்பு கிலோ 165 ரூபாய். விலை ஏறியிருக்கிறது. இரண்டு மாதமாக நமது மயில் கவரில் தொள்ளாயிரம் கிராம்தான் இருந்தது. சொல்லாதது என் தவறு. வாங்கியவர்கள் வந்தால் குறைந்த பருப்பைத் தருகிறேன். தனுஷ்கோடி.'

முதலில் வந்து படித்தவள் பாளையம்பட்டிச் சுந்தராம்பாள். வாய்க்குப் பேர் போனவள்.

"அட, அதானே பாத்தேன். ரெண்டு மாசமா சாம்பாரு தண்ணியா இருக்குன்னு எங்க வீட்டுக்காரரு என்னையில்ல வஞ்சாரு. அந்தத் திட்டுக்கு எத்தன கிராம் போடுவீக, அண்ணாச்சி?"

"எவ்வளவு சொல்றியோ அவ்வளவு போடுறேன் ஆத்தா."

"சரி, இருநூறு போடுங்க. நல்ல திட்டு அது." வாங்கிக்கொண்டு, "கால் கிலோப் பொட்டலம் வந்தது நல்லதாப் போச்சு. இப்ப கையில அதுக்குத்தான் காசு இருக்கு" என்று ஒன்றை எடுத்துப் போனாள். வேறு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனதையும் அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை கஸ்தூரியோடு உப்போடைப்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பொழுது நெருங்கியிருந்தது. மண்டபத்துக்குப் பின்னால் சாம்பார் கொதிக்கும் மணம் ஊர் எல்லைவரை வந்தது. தலைக்கட்டுக்காரர்கள் தோளில் துண்டோடு கூடியிருந்தார்கள். நல்லமுத்து நோட்டைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். பெண்கள் நின்ற பக்கத்தில், கடைசி வரிசையில், ஒரு தூணோரம் முருகலட்சுமி தெரிந்தாள். அவளுக்கு இவர்கள் வருவது தெரியாது.

"வாங்க அண்ணாச்சி, நீங்க எங்க இந்தப் பக்கம்? பந்திக்கு இன்னும் நேரமிருக்கு" என்றார் நல்லமுத்து.

"பந்திக்கு வரல. பேரு கூப்பிடுமுன்ன ஒரு வார்த்த சொல்லணும்."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தின் நடுவே போய் நின்றார் தனுஷ்கோடி.

"ஞாயித்துக்கிழமை இங்க ஒரு தூக்குல நூறு கிராம் குறைஞ்சுச்சுன்னு கேள்விப்பட்டேன். அது அந்தப் பிள்ள குறைச்சதில்ல. நான் குறைச்சது. கிலோன்னு கேட்டுச்சு. தொள்ளாயிரம் கிராம் கவர என் கையால எடுத்துக் குடுத்தேன். தெரிஞ்சேதான் சொல்லாம குடுத்தேன். விலை ஏறுனத மறைக்குறதுக்காக எடையக் குறைச்சேன். எல்லாரும் புகழவும் அப்படியே இருந்துட்டேன். அந்தச் சிரிப்பு என்னப் பாத்துச் சிரிக்க வேண்டிய சிரிப்பு."

பின்வரிசையில் யாரோ, "ஏலே, வியாபாரி உண்மையச் சொல்லிட்டாரு. பருத்திய மூடி வைங்கடா, மழை வந்துரும்" என்றான். கூட்டம் சிரித்தது. தனுஷ்கோடி தலையைக் குனிந்து அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டார்.

நல்லமுத்து கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்றது சரி, அண்ணாச்சி. ஆனா நூறு கிராம் முனீஸ்வரன் போட்டதுதான. அது உள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கு. இனி எப்படிப் பிரிக்க?"

"பிரிக்க வேண்டாம். அதுக்குத்தான் கொண்டாந்திருக்கேன்."

கஸ்தூரி ஒரு வாழை இலைப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அதை மண்டபத் தராசில் வைத்தார் தனுஷ்கோடி. இலையின் எடை போக நூறு கிராம். இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு முனீஸ்வரனிடம் போனார்.

"தம்பி, உங்க வீட்டுப் பருப்பு இது. அந்தப் பிள்ளைக்காக நீங்க போட்டீக. போட வேண்டியவன் நான். இத நீங்க திருப்பி வாங்கிக்கிட்டா, உள்ள கொதிக்குற கிலோ பூராவும் உங்க மதினி போட்டதா ஆயிரும். பெரிய மனசு பண்ணி வாங்கிக்கிடணும்."

முனீஸ்வரன் உடனே கை நீட்டவில்லை. கருத்த, உயரமான மனிதன் அவன். ஊரைப் பார்த்தான். பெண்கள் பக்கம் பார்த்தான். தூணைப் பிடித்தபடி நின்ற முருகலட்சுமி அவனைப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தான். பருப்பை அதில் வாங்கி முடிந்துகொண்டான்.

"மதினிக்கு எடை தெரியாதுன்னு நான் சொன்னது தப்பு" என்றான், பொதுவில் எல்லாருக்கும் கேட்கும்படி. பிறகு நல்லமுத்துவிடம் திரும்பி, "மாமா, நோட்டுல என் பேரு ரெண்டு தடவ இருக்கு. கீழ இருக்குறத அடிச்சிருங்க" என்றான்.

நல்லமுத்து பேனாவைத் திறந்தார். அடித்தார். அடித்த பேருக்குப் பக்கத்தில் எழுதத் தொடங்கி, "அழகுராஜா சம்சாரம்னு போடவா?" என்று கேட்டார்.

"அவுகளுக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல மாமா. அதையே எழுதுங்க" என்றான் முனீஸ்வரன்.